போர்த்துகலின் திராட்சை ஊர் ஒன்றின் மரபுச் சின்னத்தையும் கொடியையும் வரைதல்: முழுமையான வழிகாட்டி

போர்த்துகலின் நகராட்சிக் கொடிகளை வரையப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். கொடியின் பின்னணியை முதலில் வண்ணமடித்து, நடுவில் ஒரு கேடயத்தை வைத்து, அதற்குள் ஒரு திராட்சைக் குலையைத் தொங்கவிட்டு, கடைசியில்தான் விவரிப்பு உரையைத் தேடுகிறார்கள். அந்த வரிசையில் சென்றால் ஏறத்தாழ ஒவ்வொரு படியையும் திரும்பச் செய்ய நேரும். உரை, தகுதி, கேடயம், உருவங்கள், மகுடம், எழுத்துப் பட்டி, அதன் பிறகே கொடி என்பதே சரியான வரிசை. ஏனெனில் ஒவ்வொரு படியும் அடுத்ததைத் தீர்மானிக்கிறது.

இந்த வழிகாட்டி திராட்சை விளையும் ஊர்களை முன்வைத்து எழுதப்பட்டது. ஊதா நிறம், குலை, ஆற்று அலை, டோரு ஆற்றுப் படகு என்று அவற்றுக்கே உரிய சில சிக்கல்கள் இருப்பதால் அவற்றைத் தனியாகப் பார்ப்பது பயன் தரும். மற்றபடி அடிப்படை விதிகள் நாட்டின் 308 நகராட்சிகளுக்கும் பொதுவானவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை படம் அன்று, உரை. போர்த்துகலில் ஒரு சின்னத்தின் அதிகாரபூர்வ வடிவம் சொற்களில்தான் இருக்கிறது. கேடயத்தின் நிறம், உருவங்கள், அவற்றின் இடம், மகுடத்தின் கோபுர எண்ணிக்கை, பட்டியின் வாசகம், கொடியின் நிறங்கள் ஆகிய அனைத்தும் ஒரு சிறு பத்தியில் அடங்கிவிடும். அந்தப் பத்திக்குப் பொருந்தும் எந்த ஓவியமும் செல்லும். பொருந்தாத ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

இன்று நடைமுறையில் உள்ளது 1991 ஆகஸ்ட் 7 தேதியிட்ட 53/91 எண் சட்டம். அதன்படி, போர்த்துகீசியத் தொல்லியலாளர் சங்கத்தின் மரபுச்சின்னக் குழு கருத்துரை வழங்குகிறது. உள்ளாட்சி மன்றம் ஒப்புதல் அளிக்கிறது. பிறகு உரை 'டியாரியு த ரெபூப்ளிக்கா' எனும் அரசிதழில் வெளியாகிறது. அதற்கு முந்தைய சின்னங்களில் பெரும்பகுதி 1930 ஏப்ரல் 14 தேதியிட்ட சுற்றறிக்கையை ஒட்டி ஒழுங்குபடுத்தப்பட்டவை. அவற்றின் உரை அமைச்சக ஆணையாக, அன்று 'டியாரியு து கொவேர்னு' என்று பெயர் கொண்டிருந்த அரசிதழில் இருக்கும். அரசிதழின் பெயர் 1976-இல் மாறியது. தேடும்போது இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும்.

ஒரே ஊருக்கு இரண்டு உரைகள் கிடைத்தால் பிந்தையதையே எடுக்க வேண்டும். எந்தத் தேதியிட்ட உரையிலிருந்து வரைகிறீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே குறித்துவிடுவது நல்லது. பின்னால் யாராவது வேறு படத்தைக் காட்டிக் கேள்வி எழுப்பினால், அந்தத் தேதியே பதிலாக அமையும்.

இரண்டாவது தேவை, கோடுகளாகவே சேமிக்கும் ஒரு வரைகலைச் செயலி. இங்க்ஸ்கேப் இலவசமாகக் கிடைக்கிறது, இந்த வேலைக்குப் போதுமானது. களம் (கேடயத்தின் உட்பரப்பு), உருவங்கள், மகுடம், பட்டி, கொடிப் பின்னணி ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் வையுங்கள். ஊரின் தகுதி மாறினால் மகுடமும் பின்னணியும் மட்டுமே மாறும்; கேடயத்தைத் தொட வேண்டியிராது.

இணையத்தில் கிடைக்கும் படங்களைக் கடைசியில் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பார்த்து வரைபவர், முன்னவர் செய்த பிழையையும் சேர்த்தே வரைகிறார்.

2. ஊரின் தகுதியை உறுதி செய்தல்

உரையைப் படிக்கும் முன்னரே தகுதியைப் பாருங்கள். நகராட்சியின் தலைமையிடம் 'சிதாடே' எனப்படும் நகரமா, 'விலா' எனப்படும் சிற்றூர்த் தகுதி கொண்டதா என்பதே கேள்வி. மகுடத்தின் கோபுரங்களும் கொடியின் பிரிவும் இந்தப் பதிலைப் பொறுத்தவை.

தமிழில் இரண்டையும் 'நகராட்சி' என்றே எழுதுவதால், எல்லாமே நகரம் என்று எண்ணி ஐந்து கோபுரம் போட்டுவிடுகிறார்கள். புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். டோரு பள்ளத்தாக்கில் அலிஜோ, சப்ரோசா, சாவோ ஜோவாவோ த பெஷ்கேரா ஆகியவை நகராட்சித் தலைமையிடங்களாக இருந்தும் தகுதியால் விலாக்கள். அதே பள்ளத்தாக்கிலுள்ள பேசு த ரேகுவா 1985 முதல் நகரம். அலென்தேஜுவில் உள்ள போர்பா 2009-இல் நகரமானது. மக்கள்தொகையைப் பார்த்து ஊகிக்க முடியாது; ஆண்டைப் பார்த்தே சொல்ல முடியும்.

தகுதி உயர்ந்த ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. உயர்வுக்கு முந்தைய சின்னம் தாங்கிய பழைய அஞ்சல் அட்டைகள், குறியீட்டுப் பலகைகள், மதுப்புட்டிச் சீட்டுகள் எல்லாம் புழக்கத்தில் தொடரும். நீங்கள் காணும் படம் எந்தக் காலத்தது என்பதை இந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் பல முரண்பாடுகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

நகராட்சிக்குக் கீழே 'ஃப்ரெகெசியா' எனும் ஊராட்சிகள் உள்ளன. அவற்றுக்கும் தனிச் சின்னங்கள் இருக்கலாம். மொஷ்காடெல் மதுவுக்குப் பெயர்பெற்ற ஃபவாயுஷ், அலிஜோ நகராட்சிக்குள் உள்ள ஓர் ஊராட்சி. ஊராட்சியின் சின்னத்தை நகராட்சிக்கோ நகராட்சியின் சின்னத்தை ஊராட்சிக்கோ மாற்றிப் போடுவது எளிதில் நேரும் பிழை. 2013-இல் பல ஊராட்சிகள் ஒன்றிணைக்கப்பட்டதால், பழைய ஊராட்சியின் பெயரில் கிடைக்கும் சின்னம் இன்றைய அமைப்புக்கு உரியதுதானா என்றும் பார்க்க வேண்டும்.

3. விவரிப்பு உரையைத் துண்டுகளாகப் பிரித்தல்

உரையை ஒரே மூச்சில் படித்து வரையத் தொடங்காதீர்கள். களம், முதன்மை உருவம், துணை உருவங்கள், அடிப்பகுதி, மகுடம், பட்டி, கொடி என்று ஒவ்வொரு சொற்றொடரையும் தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிக்காக நான் அமைத்த, எந்த உண்மையான ஊருக்கும் உரியதல்லாத ஓர் உரையை எடுத்துக்கொள்வோம்.

"பொன் கேடயம், பச்சை இலையும் காம்பும் உடைய ஊதாத் திராட்சைக் குலை ஒன்று, அதன் வலப்புறம் சிவப்புக் கோபுரம், இடப்புறம் சிவப்புச் சாவி, அடியில் நீலமும் வெள்ளியுமான ஐந்து அலைப்பட்டைகள். நான்கு கோபுரங்கள் கொண்ட வெள்ளி மதில் மகுடம். வெள்ளைப் பட்டி, கருப்பு எழுத்தில் ஊர்ப் பெயர். கொடி மஞ்சளும் ஊதாவுமாக நான்கு கட்டங்கள். அதே நிறங்களில் கயிறும் குஞ்சமும். பொன்னிறக் கம்பும் ஈட்டிமுனையும்."

போர்த்துகீசிய மூல உரைகளும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் செல்லும். 'எஷ்கூடு தெ' என்று தொடங்கி உடனே வருவது களத்தின் நிறம். 'எங் ஷெஃபெ' என்றால் கேடயத்தின் மேற்பகுதி. 'எங் போன்டா' என்றால் கீழ்முனை. 'ஒன்டாடு' என்பது அலை வடிவம். 'ஃபொலியாடு' என்பது இலையுடன் கூடியது. 'அஹன்காடு' என்றால் வேரோடு பிடுங்கியது போல வேர்கள் தெரிய வரைய வேண்டும். திராட்சைக் கொடியோ மரமோ அப்படிக் குறிக்கப்பட்டிருந்தால் தரையின் மேல் நிறுத்தக் கூடாது.

இங்கே ஒரு விதியை மனத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். வலமும் இடமும் கேடயத்தைப் பிடித்து நிற்பவரின் பார்வையில் சொல்லப்படுகின்றன, பார்ப்பவரின் பார்வையில் அல்ல. 'தெஷ்ட்ரா' எனும் வலப்புறம் உங்கள் திரையில் இடப்பக்கம். எனவே மேலே உள்ள உரையில் கோபுரம் திரையின் இடப்பக்கத்திலும் சாவி வலப்பக்கத்திலும் வரும். படம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், முழுவதையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். அது ஆபத்து: உருவங்கள் பார்க்கும் திசையும் சேர்ந்து மாறிவிடும். விலங்கோ பறவையோ இருந்தால் அதன் முகம் தவறான பக்கம் திரும்பிவிடும்.

'து மெஷ்மு' என்று வந்தால் 'அதே நிறம்' என்று பொருள். அது உடனடியாக முன்னால் சொல்லப்பட்ட நிறத்தைக் குறிக்கும். 'து ப்ரிமேய்ரு', 'து செகுன்டு' என்று வந்தால், உரையில் முதலாவதாக அல்லது இரண்டாவதாகச் சொல்லப்பட்ட நிறத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். துண்டுகளாகப் பிரிக்கும்போதே இவற்றுக்கு நேராக உண்மையான நிறத்தின் பெயரை எழுதிவிடுங்கள்.

4. கேடயத்தின் வெளிக்கோடு

மேல் விளிம்பு நேர்கோடு, பக்கங்கள் இணையாக இறங்கும், அடி அரைவட்டம். போர்த்துகீசியக் கேடயத்துக்கு இதுதான் வடிவம். கூர்முனையுடைய பிரெஞ்சுக் கேடயத்தையோ, மேலே வளைவுகள் கொண்ட அலங்காரக் கேடயத்தையோ பயன்படுத்தினால் உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் பார்த்த உடனே அந்நியமாகத் தெரியும்.

அகலம் 10 பங்கு என்றால் மொத்த உயரத்தை 12 பங்காக வைத்துக்கொள்வது என் வழக்கம். அரைவட்டத்துக்கு 5 பங்கு போக, நேரான பகுதிக்கு 7 பங்கு கிடைக்கும். அடியில் ஆற்று அலைகள் இருக்கும் ஊர்களுக்கு இந்த உயரம் தேவைப்படுகிறது; குறைத்தால் குலை நசுங்கிவிடும்.

5. நிறங்களைத் தீர்மானித்தல்

இரண்டு உலோகங்கள், ஐந்து வண்ணங்கள்: பொன், வெள்ளி, சிவப்பு, நீலம், பச்சை, ஊதா, கருப்பு. உரையில் 'ஓரு', 'ப்ராத்தா', 'வெர்மேல்யு', 'அசூல்', 'வெர்தெ', 'பூர்புரா', 'நேக்ரு' என்று இருக்கும். இளநீலம், ஆரஞ்சு, பழுப்பு என்று இடைநிறங்களைச் சேர்க்காதீர்கள். திராட்சைக் கொடியின் தண்டுக்குப் பழுப்பு அடிப்பது மிகப் பரவலான பிழை. உரை பச்சை என்றால் பச்சை. கருப்பு என்றால் கருப்பு.

உரை நிறத்தின் பெயரைத்தான் சொல்கிறது, அடர்த்தியைச் சொல்வதில்லை. ஆகவே தெளிவான, ஒன்றோடொன்று குழம்பாத அடர்த்திகளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஊதாவில் மட்டும் கவனம் தேவை. சிவப்புப் பக்கம் அதிகம் சாய்ந்தால் தொலைவில் சிவப்பாகவும், நீலப் பக்கம் சாய்ந்தால் நீலமாகவும் தெரியும். நாவற்பழத் தோலின் நிறத்துக்கு அருகில் நின்றால் கொடித்துணியிலும் பிழையின்றிப் படும். குலையின் ஊதாவும் கொடிப் பின்னணியின் ஊதாவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும் என்பதால், இங்கேயே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள்.

உலோகத்தின் மேல் உலோகமும் வண்ணத்தின் மேல் வண்ணமும் படக் கூடாது என்பது பொது விதி. தொலைவிலிருந்து உருவம் தெரிய வேண்டும் என்பதே அதன் காரணம். நமது பயிற்சி உரையில் அலைப்பட்டைகள் நீலத்தில் தொடங்குவதற்கும் அதுவே காரணம். வெள்ளியில் தொடங்கியிருந்தால் பொன் களத்தோடு அந்த விளிம்பு கரைந்துவிடும். நீங்கள் வரையும் படத்தில் இந்த விதி மீறப்படுவது போலத் தோன்றினால், முதலில் உங்கள் வாசிப்பையே சந்தேகியுங்கள். உரையிலேயே விலக்கு இருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள். திருத்தும் உரிமை வரைபவருக்கு இல்லை.

கருப்பு வெள்ளையில் அச்சான பழைய படம் மட்டுமே கிடைத்திருந்தால் கோட்டுக் குறியீடுகள் உதவும். புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி, செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கருப்பு, திரையின் இடது மேலிருந்து வலது கீழாகச் சாயும் கோடுகள் பச்சை, அதற்கு எதிராகச் சாய்ந்தால் ஊதா. படத்தைத் திருப்பிப் போட்டால் பச்சையும் ஊதாவும் இடம் மாறிவிடும் என்பதால், முந்தைய பகுதியில் சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

6. உருவங்களை வரைதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும்.

முதலில், உரையில் இல்லாத திராட்சையைச் சேர்க்காதீர்கள். திராட்சை ஊர் என்றால் கேடயத்தில் குலை இருந்தே தீரும் என்ற எண்ணம் தவறு. மின்யு ஆற்றங்கரையிலுள்ள மொன்சாவோ, அல்வாரின்யு வகைத் திராட்சைக்கும் வின்யு வெர்தெ மதுவுக்கும் பெயர்பெற்ற ஊர். ஆனால் அதன் சின்னத்தின் நாயகி, கோபுரத்தின் மேல் இரு கைகளிலும் ரொட்டி ஏந்தி நிற்கும் ஒரு பெண். பதினான்காம் நூற்றாண்டு முற்றுகையில், உள்ளே உணவு தீர்ந்த நிலையிலும் கடைசி ரொட்டிகளை எதிரிகளை நோக்கி எறிந்து, இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நம்பவைத்ததாகச் சொல்லப்படும் தேவுலாதேவு மார்டின்ஷ் அவர். ரொட்டியைக் கல்லாகவோ மதுக்கிண்ணமாகவோ வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். உருவத்தின் கதை தெரியாமல் வரைந்தால் இப்படித்தான் நேரும்.

பிற திராட்சை ஊர்களிலும் இதே நிலை. அலென்கேரின் கேடயத்தில் நாய் இருக்கிறது. பின்யேலில் பைன் மரமும் வல்லூறும். மதேய்ரா மதுவின் வணிக நகரமான ஃபுன்ஷாலில் சர்க்கரைக் கூம்புகள்; கரும்புப் பாகைக் கூம்பு அச்சில் ஊற்றி இறுக்கிய அந்தக் கட்டிகளைப் புதியவர்கள் மலையாகவோ தொப்பியாகவோ நினைத்து, அடியில் தரைக்கோடு போட்டுவிடுகிறார்கள். உரையில் ஒரு பொருள் புரியவில்லை என்றால், அந்த ஊர் அந்தக் காலத்தில் எதை விளைவித்தது, எதை ஏற்றுமதி செய்தது என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும்.

குலை இருந்தால், அதை ஒரு தலைகீழ் முக்கோணத்துக்குள் அமையுங்கள். காம்பு மேலே, நுனி கீழே. மணிகளை முழு வட்டங்களாக, எண்ணிப் பார்க்கக் கூடிய அளவில் வரையுங்கள். ஒளித்தெறிப்பு, நிழல், பனித்துளி எதுவும் வேண்டாம்; தபால்தலை அளவிலும் பெரிய கொடியிலும் ஒரே உருவமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கலையில் உருவங்கள் எளிமையாக்கப்படுகின்றன. மணிகளுக்கு இடையே மெல்லிய கருங்கோடோ பொற்கோடோ போதும். இலையை ஐந்து மடல்களாகக் காட்டுங்கள். மூன்று மடல் போட்டால் அத்தி இலையோடும் ஐவி இலையோடும் குழம்பும். சுருள் பற்றுக்கம்பிகளை உரை சொன்னால் மட்டும் சேர்க்கலாம்.

ஆற்று அலைகளில் எண்ணிக்கை முக்கியம். ஐந்து பட்டைகள் என்றால் முகடுகளின் எண்ணிக்கை அன்று, மேலிருந்து கீழாக அடுக்கப்பட்ட பட்டைகளின் எண்ணிக்கை. நமது உரையில் நீலம், வெள்ளி, நீலம், வெள்ளி, நீலம் என்று வரும். எல்லாப் பட்டைகளும் ஒரே அகலத்தில், ஒரே அலை வடிவில் இருக்க வேண்டும். கடைசிப் பட்டை அரைவட்ட அடியில் வெட்டுப்பட்டுச் சிறுத்துப் போகும். அதற்கு இடம் விட்டே கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நீலம் ஒரு கீற்றாகக் குறுகிவிடும்.

டோரு ஆற்றின் 'பார்கு ரபேலு' உரையில் வந்தால், எந்தப் படகாவது போதும் என்று விட்டுவிட முடியாது. மேல் டோருவின் மதுப் பீப்பாய்களை ஆற்றின் வழியே கடற்கரைக்குக் கொண்டுசென்ற தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு அது. ஒற்றைச் சதுரப் பாய், பின்முனையில் மிக நீண்ட திசைத்துடுப்பு, அதைப் பிடிப்பவர் நிற்க உயர்ந்த மேடை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். முக்கோணப் பாய் போட்ட கடற்கப்பலை வரைந்தால் பொருளே மாறிவிடும்.

சிலுவைகளில் வடிவமே வேறுபாட்டைச் சொல்லும். அவிஷ் ஆணையின் (பழைய போர்வீரத் துறவியர் அமைப்புகளுக்கு 'ஆணை' என்று பெயர்) சிலுவை பச்சை, நுனிகள் மலர் வடிவில் விரியும். சான்டியாகு ஆணையினது சிவப்பு, கீழ்முனை வாளாகக் கூரும். கிறிஸ்து ஆணையினது சிவப்பு, உள்ளே வெள்ளைச் சிலுவை. 'கீனஷ்' என்று வந்தால் ஐந்து நீலச் சிறு கேடயங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளி வட்டங்கள். வட்டங்கள் நான்கு மூலைகளிலும் நடுவிலுமாக அமையும். தேசியக் கொடியிலிருந்து ஏழு கோட்டைகளையும் சேர்த்து வெட்டி ஒட்டுவது இங்கே நடக்கும் வழக்கமான பிழை. கீனஷ் மட்டும் கேட்கப்பட்டால் கோட்டைகளுக்கு இடமில்லை.

அளவைப் பற்றி ஒரு சொல். புதியவர்கள் உருவங்களைச் சிறிதாக வரைந்து சுற்றிலும் வெற்றிடம் விடுகிறார்கள். களம் நிறைய வேண்டும். விளிம்பைத் தொடாமல், ஆனால் விளிம்பை நோக்கி நீளும்படி ஒவ்வொரு உருவத்தையும் பெரிதாக்குங்கள்.

7. மதில் மகுடம்

கேடயத்தின் மேல் விளிம்பில் மதில் வடிவ மகுடம் அமரும். தலைநகரான லிஸ்பனுக்குப் பொன்னால் ஐந்து கோபுரங்கள். மற்ற நகரங்களுக்கு வெள்ளியால் ஐந்து. விலாக்களுக்கு வெள்ளியால் நான்கு. விலாவோ நகரமோ அல்லாத கிராமத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஊராட்சிக்கு வெள்ளியால் மூன்று. கண்ணுக்குத் தெரியும் கோபுரங்களே எண்ணப்படும்.

எண்ணுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கேடயத்தின் நடுக்கோட்டை மேலே நீட்டுங்கள். அது ஒரு கோபுரத்தின் நடுவே சென்றால் எண்ணிக்கை ஐந்து அல்லது மூன்று. இரு கோபுரங்களுக்கு இடையே சென்றால் நான்கு. மங்கலான பழைய படத்தில் ஓரக் கோபுரங்கள் தெரியாவிட்டாலும் இந்தச் சோதனை விலாவையும் நகரத்தையும் பிரித்துவிடும்.

மகுடத்தின் அகலம் கேடயத்தை மீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேடயத்துக்குள் இருக்கும் கோபுரத்தையும் மகுடத்தின் கோபுரத்தையும் ஒரே வரைவிலிருந்து நகலெடுக்காதீர்கள். மொன்சாவோ போன்ற சின்னங்களில் இரண்டும் மேலும் கீழுமாக வருவதால் கண் குழம்பும். லிஸ்பனின் சின்னத்தைச் சுற்றி 'கோபுரமும் வாளும்' எனும் விருதின் கழுத்தணி இருக்கிறது. உரை கேட்டால் மட்டுமே அத்தகைய அணியைச் சேர்க்க வேண்டும். அழகுக்காகச் சேர்த்தால், கிடைக்காத ஒரு விருதை ஊருக்கு வழங்கியதாகிவிடும்.

8. எழுத்துப் பட்டி

கேடயத்தின் கீழே பட்டி. பெரும்பாலும் வெள்ளை, கருப்பு எழுத்து. உரையில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுங்கள். 'விலா தெ' என்ற முன்னொட்டு இருந்தால் அதுவும் வேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கக் கூடாது. எழுத்துகளின் மேலுள்ள குறிகள் விடுபட்டால் ஊர்ப் பெயரே பிழையாகும். எல்லாக் குறிகளையும் உடைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் எழுத்தைக் கோடாக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் வேறொருவரின் கணினியில் எழுத்துரு மாறி, வாசகம் பட்டிக்கு வெளியே வழியும்.

9. கொடியை அமைத்தல்

இப்போதுதான் கொடி. மூன்று முடிவுகள் எடுக்க வேண்டும்: நிறம், பிரிவு, அளவு.

நிறத்தில் பலரும் தடுமாறுவார்கள். கேடயத்தின் களம் என்ன நிறமோ அதுவே கொடியின் நிறம் என்று கொள்ளக் கூடாது. கொடியின் நிறங்கள் வழக்கமாக முதன்மை உருவங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. லிஸ்பனே தெளிவான சான்று: அதன் கேடயக் களம் பொன், ஆனால் கொடி கருப்பும் வெள்ளையும், ஏனெனில் களத்தில் இருக்கும் கப்பல் கருப்பும் வெள்ளியும். நமது பயிற்சி உரையில் ஊதா குலையிலிருந்து வந்தது, அதற்கு இணையாகப் பொன் மஞ்சளாகியது. எப்படியிருந்தாலும் உரை கொடியின் நிறத்தைத் தனியாகச் சொல்லும். அதைப் படிக்காமல் ஊகிப்பதுதான் பிழை. பொன்னைக் கொடிப் பின்னணியில் மஞ்சள் என்றும் வெள்ளியை வெள்ளை என்றும் எழுதுவார்கள் என்பதால், 'அமரேலு', 'ப்ராங்கு' என்ற சொற்களைக் கண்டு புதிய நிறங்கள் என்று எண்ண வேண்டாம்.

பிரிவு, தகுதியைப் பொறுத்தது. நகரம் என்றால் மையத்திலிருந்து கிளம்பும் எட்டு ஆப்புகள். இதற்கு 'ஜிரொனாடா' என்று பெயர். விலா என்றால் 'எஷ்குவார்தெலாடா' எனும் நான்கு கட்டங்கள், அல்லது பழைய ஒப்புதல்களில் காணப்படுவது போல ஒரே நிறம். எட்டு ஆப்புகளை வரைய, மையத்தின் வழியே ஒரு செங்குத்துக் கோடும் ஒரு கிடைக்கோடும் இரண்டு மூலைவிட்டங்களும் போடுங்கள். செவ்வகக் கொடியில் மூலைவிட்டங்கள் மூலைகளுக்கே செல்ல வேண்டும், 45 பாகைக்கு அல்ல. சதுரத்தில் வரைந்த ஆப்புகளைச் செவ்வகத்தில் ஒட்டி மிச்சத்தை நிரப்புபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நிறங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக வர வேண்டும். நான்கு கட்டங்களில், முதலில் சொல்லப்பட்ட நிறம் கம்பத்துப் பக்க மேற்கட்டத்திலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரிலுள்ள கீழ்க்கட்டத்திலும் வரும்.

அளவில் இரண்டு வகை. ஊர்வலத்திலும் விழாவிலும் எடுத்துச்செல்லும் பட்டுக் கொடி சதுரம், ஒரு பக்கம் 1 மீட்டர். கட்டடத்தில் ஏற்றும் கொடி செவ்வகம், அகலம் உயரத்தின் ஒன்றரை மடங்கு. முதல் வகைக்கு மட்டுமே கயிறு, குஞ்சம், கம்பு, ஈட்டிமுனை என்ற விவரங்கள் பொருந்தும். கணினித் திரைக்கான செவ்வகக் கொடியின் ஓரத்தில் குஞ்சம் தொங்கவிட வேண்டியதில்லை.

மகுடம், கேடயம், பட்டி ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, அந்தத் தொகுப்பைக் கொடியின் நடுவில் வையுங்கள். கேடயத்தை மட்டும் நடுவில் வைத்தால் மகுடத்தின் உயரத்தால் முழு அமைப்பும் மேலே ஏறியது போலத் தெரியும். தொகுப்பின் உயரம் கொடி உயரத்தில் பாதிக்குச் சற்று மேலாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. அதற்குமேல் போனால் பின்னணிப் பிரிவுகள் மறைந்து, நகரமா விலாவா என்பதே தெரியாமல் போகும்.

ஒட்டிய பிறகு இன்னொன்றைப் பாருங்கள். நமது பயிற்சிக் கொடியில் பொன் கேடயத்தின் ஒரு பாதி மஞ்சள் கட்டத்தின் மேல் படுகிறது. வெளிக்கோடு இல்லாவிட்டால் கேடயம் அங்கே கரைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளி மகுடத்துக்கும் வெள்ளைப் பட்டிக்கும் இதே நிலை. மெல்லிய கருப்பு வெளிக்கோடு இதைத் தீர்க்கும். தடிமனை எல்லா உறுப்புகளுக்கும் ஒன்றாக வைத்து, படத்தைச் சிறிதாக்கும்போது கோடும் அதே விகிதத்தில் சிறுக்கும்படி செயலியில் அமைத்துவிடுங்கள்.

10. முத்திரை தேவைப்பட்டால்

சிலர் முத்திரையையும் கேட்பார்கள். அது வட்டமானது. நடுவில் சின்னத்தின் உருவங்கள், நிறக் குறிப்பு எதுவும் இன்றி. சுற்றிலும் இரு வட்டக் கோடுகளுக்கு இடையே 'கமரா முனிசிபால்' (நகராட்சி நிர்வாகம்) என்ற சொற்களோடு ஊர்ப் பெயர். வண்ணச் சின்னத்தைக் கருப்பு வெள்ளையாக்கி வட்டத்துக்குள் திணிப்பது முத்திரையாகாது.

11. ஒப்பிட்டுப் பார்த்தல்

இப்போது இணையப் படங்களைத் திறக்கலாம். வேறுபாடு கண்டால், இரண்டு படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பெரும்பான்மை பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் உரையோடு ஒப்பிடுங்கள். குலையின் மணி எண்ணிக்கை, இலையின் சாய்வு, கோபுரத்தின் சன்னல் போன்றவை உரை சொல்லாத வரை ஓவியரின் விருப்பம். நிறம், எண்ணிக்கை, இடம், திசை ஆகிய நான்கும் உரையின் ஆட்சிக்கு உட்பட்டவை. இந்த நான்கை மட்டும், முன்பு பிரித்து எழுதிய துண்டுகளின் வரிசையில், ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பிறகு படத்தை விரல்நக அளவுக்குச் சுருக்குங்கள். முதன்மை உருவம் இன்னதென்று தெரியாவிட்டால் உள்விவரம் அதிகம் என்று பொருள்; மணிகளையும் அலைகளின் முகடுகளையும் குறைத்து மீண்டும் பாருங்கள்.

12. பயன்படுத்தும் முன்

விளக்கப் படமாகவோ பாடத்துக்காகவோ வரைவது வேறு; மதுப்புட்டிச் சீட்டிலோ விற்பனைப் பொருளிலோ அச்சிடுவது வேறு. சின்னம் அந்த உள்ளாட்சிக்கு உரியது. நீங்களே வரைந்த ஓவியமாக இருந்தாலும், வணிகப் பயன்பாட்டுக்கு அந்த நகராட்சியின் கமராவிடம் எழுத்துபூர்வ அனுமதி பெறுங்கள். கடிதத்தோடு உங்கள் வரைவையும், அது எந்தத் தேதியிட்ட அரசிதழ் உரையின்படி வரையப்பட்டது என்ற குறிப்பையும் இணைத்தால், வரைவில் பிழை இருந்தாலும் அச்சுக்குப் போகும் முன்னரே திருத்தம் வந்துவிடும்.